பனிக்குள் அடித்த பச்சை

முதலில் சுருங்கியது ட்ரைபோடின் இடது கால்தான். காக்கிக்கு மேல் பச்சையை அடித்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எங்கள் கண் முன்னாலேயே பெயிண்ட் மெல்ல எழும்பி, காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குகிற மாதிரிச் சுருங்கிச்சு. "அடேய், தோல் உரியுதுடா!" என்று ஒருத்தன் கத்தினான். மற்றவன் அதைச் சரிசெய்யப் போய் விரலால் தொட்டான். விரலோடு காக்கியும் பச்சையும் சேர்ந்து வந்தது. உள்ளே பழைய அலுமினியம் எங்களைப் பார்த்துப் பல்லிளித்தது.

இது ஒரு நவம்பர் மாதம், அப்புத்தளையில், ஒரு லயத்தின் இஸ்தோப்பில் நடந்தது. நாங்கள் ஐந்து பேர். ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இப்போது ஒருத்தர் டவுனில் கடையில் நிற்கிறார், ஒருத்தர் கொழும்பிலிருந்து போயாவுக்குப் போயா வருகிறார், மற்றவர்கள் ஏ.எல். முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்கிற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறோம். ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு பழைய கமரா. பறவை பார்ப்பது எங்கள் பொழுதுபோக்கு. தங்கமலைக் காட்டோரத்தில் வளர்ந்துவிட்டு பறவை பார்க்காமல் இருப்பதுதான் அதிசயம்.

அப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்னைப் பக்கம் போகிறவர்களுக்குத் தங்கமலை தெரியும். 1931இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷாம் பங்களாவுக்குப் பக்கத்திலேயே காடு தொடங்குகிறது. இலங்கையில் மட்டுமே இருக்கிற நீல அழகி, மஞ்சட் காதுச் சின்னான், மங்கல் நீல ஈபிடிப்பான் எல்லாம் அந்தப் பக்கம் உண்டு. விடியலிலும் அந்தியிலும் மட்டும் தலைகாட்டுகிற சீழ்க்கைப் பூங்குருவியும் உண்டு என்கிறார்கள். அதைத்தான் எங்களால் பிடிக்க ஏலாமல் இருந்தது. ட்ரைபோடின் வெள்ளிக் கால் பளிச்சென்று மின்னினால் எந்தக் குருவி வரும்? அதுதான் எங்கள் கணக்கு. ட்ரைபோட், பிவிசி குழாயை வெட்டிச் செய்த லென்ஸ் மறைப்பு, சாமான் வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி, மூன்றுக்கும் உருமறைப்பு நிறம் அடிப்பது என்று முடிவெடுத்தோம்.

டவுன் ஹாட்வெயார் ஒன்றில் மூன்று டின் வாங்கினோம். காக்கி, பச்சை, கறுப்பு. 2021இல் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி வந்தபோது எங்கள் லயத்தில் எவ்வளவு பேசினோம் என்பது நினைவிருக்கிறது. ஒரு டின் ஸ்ப்ரே கிட்டத்தட்ட அவ்வளவைத் தின்றுவிட்டது. ஆகவே மூன்று டின் என்றால் அம்மாமார் மூன்று நாள் மலையேறிக் கொழுந்தெடுத்த காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் ஒரே பின்னேரத்தில் பாழாக்கினோம்.

என்னென்ன பிழைத்தது என்பதை வரிசையாகச் சொல்கிறோம். உங்களில் யாராவது கமராவுக்கோ, தூண்டிலுக்கோ, சைக்கிளுக்கோ, பிளாஸ்டிக் மாதிரி விமானத்துக்கோ இந்த வேலையில் இறங்கினால் உங்கள் வீட்டுக் காசாவது மிஞ்சட்டும்.

சுருங்கியது ஏன்? நாங்கள் வாங்கிய ஸ்ப்ரே எனாமல் வகை. அது இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் ஆவியாகிப் போகும். தொட்டால் ஒட்டாது. காய்ந்துவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் அதற்குப் பிறகுதான் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பெயிண்ட் உள்ளே இறுகத் தொடங்குகிறது. அதற்கு நாள் கணக்காகும். இந்த இடைப்பட்ட நேரத்தில் மேலே இன்னொரு பூச்சு அடித்தால், புதிய பூச்சின் கரைப்பான் பாதி இறுகிய பழைய பூச்சுக்குள் இறங்கி அதை ஊத வைக்கும். ஊதினது போக இடமில்லாமல் சுருங்கும். டின்னின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒரு மணித்தியாலத்துக்குள் அடுத்த பூச்சு அடியுங்கள், இல்லாவிட்டால் 48 மணித்தியாலம் கழித்து அடியுங்கள். நாங்கள் காக்கியை அடித்துவிட்டு, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை கதைத்து, சரியாக மூன்று மணித்தியாலம் கழித்துப் பச்சையை அடித்திருக்கிறோம். செய்யக்கூடாத நேரத்தைத் தேடிப் பிடித்துச் செய்திருக்கிறோம்.

இந்த நேரக்கணக்கு டின்னுக்கு டின் மாறும். உங்கள் கையிலிருக்கிற டின் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். உருமறைப்புக்கு இது முக்கியம், ஏனென்றால் இங்கே ஒரு நிறம் அல்ல, மூன்று நான்கு நிறம் ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இடையில் அதே பொறி காத்திருக்கிறது. இன்னொன்று: எல்லா டின்னும் ஒரே வகையா என்று பாருங்கள். எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் லாக்கரின் காரமான கரைப்பான் அடியிலுள்ளதைக் கிளப்பிவிடும். நன்றாகக் காய்ந்த லாக்கருக்கு மேல் எனாமல் பெரும்பாலும் பிரச்சினை பண்ணாது.

இரண்டாவது, பெட்டி. அடித்த கறுப்பு அரை மணித்தியாலத்தில் சாம்பல் பூத்தது. யாரோ மாவு தூவின மாதிரி வெள்ளைப் படலம். அன்றைக்குப் பனி கீழேயிருந்து ஏறி வந்து இஸ்தோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. நவம்பரில் அப்புத்தளை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொடியில் போட்ட உடுப்பு மூன்று நாளைக்குக் காயாது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூசிய இடம் குளிர்கிறது, கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்குமே, அப்படி. ஈரம் நிறைந்த காற்று அந்தக் குளிர்ந்த பெயிண்டைத் தொட்டதும் தண்ணீராகப் படிந்து, படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை. இலேசாக இருந்தால் வெயிலில் வைத்துக் காயவிட்டு, நல்ல நாள் பார்த்து மெல்லிய பூச்சு ஒன்று அடித்தால் மறையும். கடுமையாக இருந்தால் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிப்பதுதான் வழி. ஆனால் உண்மையான மருந்து ஒன்றுதான்: பனி நாளில் டின்னைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, அதே பெட்டி. நகத்தால் கீறினால் பெயிண்ட் பிளாஸ்டர் மாதிரி உரிந்து வந்தது. வாளி, பெட்டி, கூடை செய்கிற பொலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்கின் மேல் சாதாரணமாக எதுவும் ஒட்டாது. அந்தப் பிளாஸ்டிக்கின் குணமே அது. அதற்கென்று ஒட்டவைக்கும் பிரைமர் இருக்கிறது, அதை முதலில் அடிக்க வேண்டும். பிவிசி பரவாயில்லை. 400 நம்பர் தாளால் மினுக்கம் போகத் தேய்த்து, சவர்க்காரத் தண்ணியால் கழுவி, காயவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்தால் பிடித்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு உலோகப் பிரைமர் வேண்டும். நாங்கள் மூன்றையும் ஒரே மாதிரித் தூசு தட்டிவிட்டு அடித்தோம்.

நான்காவது, நடக்காமல் தப்பியது. குளிரில் டின்னின் அமுக்கம் குறைந்து பெயிண்ட் துப்பித் துப்பி வந்தது. "அடுப்புக்குப் பக்கத்துல கொஞ்சம் வைப்பம், சூடாகும்" என்று ஒருத்தன் டின்னைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனான். அங்கே அப்பாயி இருந்தாங்க. டின்னில் நெருப்புப் படத்தைப் பார்த்தாங்களோ என்னவோ, "அத கொண்டாந்த வழியே கொண்டு போ" என்று ஒரே அதட்டல். அப்பாயிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எங்கள் ஐந்து பேரையும்விட அந்த டின்னைச் சரியாக வாசித்தது அவங்கதான். உள்ளே இருக்கிற வாயு தீப்பிடிக்கும். 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால் டின் வெடிக்கலாம். குளிர்ந்த டின்னை இளஞ்சூட்டுத் தண்ணியில், கை தாங்குகிற சூட்டில், சில நிமிஷம் வைத்துக் குலுக்கினால் போதும். அடுப்பு எரிகிற லயத்தில், கதவடைத்த காம்பிராவுக்குள் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. நெருப்பும் ஆபத்து, மூச்சும் ஆபத்து.

இவ்வளவும் பெயிண்டின் கதை. ஆனால் அன்றைக்கு வேலை நின்றது பெயிண்டால் அல்ல.

பின்னேரம் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்தாங்க. படங்கை அவிழ்த்துக்கொண்டே இஸ்தோப்பைப் பார்த்தவங்க அப்படியே நின்றுட்டாங்க. நாங்கள் போனில் பார்த்த இராணுவ உடுப்புப் படத்தை வைத்து அதே மாதிரித் திட்டுத் திட்டாகப் பெட்டியில் அடித்திருந்தோம். ஏசுவாங்க, காசைக் கரியாக்கிட்டீங்கன்னு சொல்லுவாங்க என்று காத்திருந்தோம். அவங்க கேட்டது வேற.

"இத யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை என்றோம்.

"இந்த நெறத்துல ஒரு சாமானும் இந்த வீட்டுக்குள்ள வேணாம் தம்பி. கொண்டுபோய்ச் சொரண்டுங்க."

குருவி பார்க்கத்தானே அம்மா என்று சொல்லிப் பார்த்தோம். அம்மா பதில் சொல்லவில்லை. இரவு ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது தானாகக் கதைக்கத் தொடங்கினாங்க. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். அங்கே வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 25க்கும் மேற்பட்டோரை ஒரு கும்பல் புகுந்து கொன்றது. பொலிஸ் காவல் இருந்த இடம் அது. வழக்கு நடந்து, தண்டனை கொடுக்கப்பட்டவர்களையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. இதெல்லாம் நாங்கள் எங்கேயோ வாசித்ததுதான். வாசிக்காதது, அம்மாவுக்கு அப்போது எங்கள் வயசு என்பது. அந்த வாரம் முழுக்க லயத்தில் விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஆம்பிளைப் பிள்ளைகளை டவுனுக்கு அனுப்பாமல் இருந்ததாகச் சொன்னாங்க. மாமா கொழும்பில் வேலை செய்த காலத்தில் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் அல்ல, கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பாராம்.

நாங்கள் போர் முடிந்த பிறகு வளர்ந்த பிள்ளைகள். உருமறைப்பு நிறம் எங்களுக்கு விளையாட்டுச் செயலி, யூட்டியூப் காணொளி, கமரா கவர். ஆனால் இது, 'வரி' என்ற சொல்லோடு ஒரு சீருடை ஒட்டிக்கொண்டிருக்கிற நாடு. இராணுவ உடுப்பு மாதிரியானதைப் பொதுமக்கள் போடக்கூடாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நடந்த தேடுதல்களில் அந்த மாதிரித் துணி வீட்டில் இருந்ததே செய்தியானது. அப்புத்தளையிலிருந்து பார்த்தால் தியத்தலாவை. அங்கே இராணுவ அக்கடமி. அந்தப் பச்சையைப் போடுகிறவர்களுக்கு அது வேலை. கொழும்பில் ஒருத்தர் கமரா பையில் அந்தப் பச்சை இருந்தால் அது ஸ்டைல். தேயிலைக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கிற தோட்டத்துப் பொடியன் கையில் இருந்தால் அது கேள்வி.

சுரண்டினோம். எட்டு மாசம் அந்த ட்ரைபோட் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

அந்த எட்டு மாசத்தில்தான் கொஞ்சம் வாசித்தோம். மறைவது என்ற வேலையே இராணுவத்தில் தொடங்கவில்லை. அபொட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் மிருகங்களைப் பார்த்துப் பார்த்து 1909இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். மானுக்கும் அணிலுக்கும் முதுகு கடுமையாகவும் வயிறு வெளிறியும் இருப்பது ஏன்? மேலேயிருந்து வெளிச்சம் விழும்போது வயிற்றில் நிழல் விழும். நிறம் தலைகீழாக இருப்பதால் நிழல் அழிந்துபோய், உடம்பு தட்டையாகத் தெரிகிறது. முதலாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படை இதற்கென்று ஓவியர்களையே வேலைக்கு எடுத்தது. இன்னும் ஒரு கதை எங்களுக்குப் பிடித்தது. 1940இல் மவுண்ட்பேட்டன் தன் போர்க்கப்பல்களுக்கு ஊதா கலந்த ரோஸ் சாம்பல் நிறம் அடித்தார். அந்தி வெளிச்சத்தில் அந்த நிறக் கப்பலொன்று மற்றக் கப்பல்களுக்கு முன்னமே கண்ணுக்கு மறைந்ததைப் பார்த்தாராம். அதே மவுண்ட்பேட்டன் 1944இல் தன் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். மறைவதற்குப் பச்சைதான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

பிறகு காட்டுக்கே போய்ப் பார்த்தோம், பெயிண்ட் இல்லாமல். தங்கமலை ஓரத்தில் விடியற்காலை என்ன நிறம்? டர்பன்டைன் மரப்பட்டையின் வெளிறிய சாம்பல். பைன் சருகின் செம்பழுப்பு. பாசி பிடித்த கல்லின் கறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே பனியின் வெள்ளை. நாங்கள் வாங்கிய பச்சை அங்கே எங்கேயுமே இல்லை! அது வேறெங்கோ ஒரு புல்வெளிக்கான பச்சை. பறவைகளுக்கு நம்மைவிட நிறம் அதிகம் தெரியும், நாம் பார்க்காத புறஊதா ஒளியும் அவற்றில் பலவற்றுக்குத் தெரியும் என்றும் வாசித்தோம். ஆகவே நிறத்தில் அவற்றை ஏமாற்றப் போவது வீண் பெருமை. மினுக்கத்தைக் குறைக்கலாம், நேர்க்கோட்டை உடைக்கலாம், அசையாமல் இருக்கலாம். அவ்வளவுதான் எங்கள் கையில்.

ஓகஸ்ட் விடுமுறையில் திரும்பத் தொடங்கினோம். ஊவாத் தேயிலைக்கு அந்தப் பெயர்போன மணத்தைக் கொடுப்பது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசுகிற வரண்ட காற்று என்பார்கள். பெயிண்டுக்கும் அதுதான் நல்ல காலம். இந்தத் தடவை அம்மாவிடம் முதலில் காட்டினோம்: வெளிறிய சாம்பல், மண் பழுப்பு, கடும் பழுப்பு. மூன்றும் மினுக்கமில்லாத மெட் வகை. அம்மா டின் மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது மரத்து நெறம்" என்றாங்க. அது அனுமதி.

அடித்த முறை இது. பழைய பெயிண்டை 320 நம்பர் தாளால் தண்ணி தொட்டுத் தேய்த்து, ஓரங்களை மழுக்கினோம். பிரைமர். ஒரு நாள் விட்டு, எல்லா இடமும் வெளிறிய சாம்பல். மெல்லிய நிறம் முதலில், கடும் நிறம் கடைசியில். கடும் நிறத்துக்கு மேல் வெளிறியதை மறைய அடிக்க நிறைய பெயிண்ட் வேண்டும், தடித்தால் வழியும். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக, 25-30 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து, கை நிற்காமல். சாமானுக்கு வெளியே தொடங்கி, வெளியே போய் முடிக்க வேண்டும். அப்போதுதான் தொடங்கும் இடத்தில் துளி விழாது. நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையில் இரண்டு முழு நாள். இந்த இரண்டு நாள்தான் கஷ்டம். ஐந்து பேரில் ஒருத்தராவது "காஞ்சிருச்சு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டின்னைப் பூட்டி வைத்தோம்.

திட்டு வரைய டேப் ஒட்டவில்லை. முதல் தடவை டேப்புக்குக் கீழே பெயிண்ட் கசிந்ததும், உரிக்கும்போது அடி நிறத்தையும் பிய்த்துக்கொண்டு வந்ததும் போதும். (டேப்தான் வேண்டும் என்றால், ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்தி, அடி நிறத்தையே ஒரு தடவை ஓரத்தில் மெல்ல அடித்து அடைத்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். முழுக்கக் காயும் முன்பே, டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள்.) லயத்துக்குப் பின்னால் வளர்கிற பன்னத்தின் இலையை வைத்து அதன்மேல் அடித்தோம். இலை எடுத்த இடத்தில் பன்னத்தின் வடிவம் அப்படியே நின்றது. எந்தப் படையின் உடுப்பு மாதிரியும் இல்லை. எங்கள் பீலிக்கரை மாதிரித்தான் இருந்தது.

பிழையே வரவில்லையா என்றால், வந்தது. வரண்ட காற்று நல்லதென்று நம்பி முற்றத்தில் நேராகக் காற்றுக்குள் அடித்ததில், பெயிண்ட் சாமானைத் தொடும் முன்னமே பாதி காய்ந்து, மண்தாள் மாதிரிச் சொரசொரத்தது. காற்று மறைவான மூலைக்கு மாறினோம். சொரசொரப்பை மெல்லத் தேய்த்தோம். வேலை முடிந்ததும் டின்னைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை இரண்டு செக்கன் அழுத்தினோம். அதனால்தான் மூக்கு அடைக்காமல் அடுத்த நிறத்துக்கும் அதே டின் உதவியது.

செப்டெம்பரில் ஒரு விடியற்காலை. சரணாலயத்துக்குள் எதையும் வைக்க அனுமதி வேண்டும், ஆகவே நாங்கள் வெளியே தோட்டப் பாதையோரத்தில்தான் உட்காருவோம். தோட்டத்து வாச்சர் வந்தார். தேயிலைக்குள் மறைந்திருக்கிறவனைச் சந்தேகப்படுவது அவருடைய வேலை. கண்ணி வைக்கிறவர்களும் அப்படித்தான் குந்தியிருப்பார்கள். 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் கண்ணியில் மாட்டி இறந்த கருஞ்சிறுத்தையை யாரும் மறக்கவில்லை. டோர்ச்சை எங்கள் முகத்தில் அடித்து, பிறகு ட்ரைபோடில் அடித்தார்.

"என்னாடா இது, காஞ்ச மரக் கொம்பா?"

"கமரா ஸ்டேண்ட் மாமா. குருவி பாக்குறோம்."

அவர் குனிந்து பன்ன இலை வடிவத்தைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க" என்றுவிட்டுப் போனார். பச்சையில் திட்டுத் திட்டாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வரும் வழியெல்லாம் கதைத்தோம். ஒருவேளை இதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஒருவேளையை நம்பி அம்மாவை இரவெல்லாம் முழித்திருக்க வைக்க எங்களுக்கு மனசில்லை. பயம் தேவையில்லை என்று அவங்களுக்குப் பாடம் எடுப்பதைவிட ஒரு டின் நிறத்தை மாற்றுவது லேசான வேலை. பயப்படாமல் எந்த நிறத்தையும் அடிக்கிற நாள் வர வேண்டும் என்பது வேறு, பெரிய வேலை. அதை மறக்கவில்லை.

சீழ்க்கைப் பூங்குருவி அன்றைக்கும் வரவில்லை. மஞ்சட் காதுச் சின்னான் ஒன்று வந்து ட்ரைபோடுக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தது. ஆச்சரியத்தில் யாரோ அசைந்ததில் படம் கலங்கிவிட்டது.

மிச்சமிருந்த பழுப்பு நிறத்தை அம்மா கண்டு வைத்திருந்தாங்க. இஸ்தோப்புத் தகரக் கதவு துருப்பிடித்துப் போச்சு, அதுக்கும் கொஞ்சம் அடிச்சுத் தாங்கடா என்றாங்க. துருவைச் சுரண்டி வைத்திருக்கிறோம். ஒக்டோபர் பனி ஏறும் முன்னம் முடிக்க வேண்டும்.